வலிமை என்ற கட்டத்தில் நான் எழுதியது

எனக்கு அந்தக் கண்ணாடி ரூமைக் கொடுத்த அன்றைக்கு நான் பட்ட பெருமை இருக்கிறதே, அதை இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே ரெண்டு போட்டுக்கொள்ளலாம் போல வருகிறது. திண்டிவனம் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனி. பெரிய ஹால், அதில் வரிசை வரிசையாகத் தையல் மிஷின்கள், மிஷினுக்கு ஒரு பெண். ஷூவின் மேல்பாகத்தைத் தைப்பது எங்கள் வேலை. பதினோரு வருஷம் நானும் அந்த மிஷினில் குனிந்து கிடந்தவள்தான். ஒருநாள் கூப்பிட்டு, "இனிமே நீங்க கோச்" என்றார்கள். ஹாலின் ஓரத்தில் நாலு பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு ரூம். ஒரு மேஜை, ரெண்டு நாற்காலி, ஏ.சி. கழுத்து அட்டையின் ஆரஞ்சு நாடாவைக் கழற்றிவிட்டு நீல நாடா மாட்டினார்கள்.

கோச் என்றால் விளையாட்டுச் சொல்லித் தருகிறவள் என்று என் வீட்டுக்காரர் நினைத்துவிட்டார். "இந்த வயசுல உன்ன வுட்டு கபடி ஆடச் சொல்றாங்களா?" என்று கேட்டு அவர் சிரித்த சிரிப்பில் தெருவே எட்டிப் பார்த்தது. வேலை அதெல்லாம் இல்லை. ஒவ்வொரு பெண்ணையும் முறை வைத்துக் கூப்பிட்டு, பதினைந்து நிமிஷம் தனியாக உட்கார வைத்துப் பேச வேண்டும். திட்டக் கூடாது. புத்தி சொல்லக் கூடாது. நம் சொந்தக் கதையைச் சொல்லவே கூடாது. கேள்வி மட்டும் கேட்டு, அவள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டு, கடைசியில் ஒரு ஃபாரத்தை நிரப்பி எச்.ஆர். ஆபீசுக்கு அனுப்ப வேண்டும்.

முதல் ரெண்டு மாதம் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. கம்பெனி பஸ்ஸில் "மல்லாட்டை வெச்சிருக்கியாடி, குடு" என்று வேர்க்கடலைக்காக என் பையிலேயே கையை விடுகிறவள், ரூமுக்குள் வந்தால் நாற்காலி நுனியில் உட்கார்ந்து "நல்லாருக்கேன் மேடம்" என்பாள். கண்ணாடிக்கு வெளியே ஹால் முழுக்க எங்களையே பார்க்கும். நான் ஃபாரத்தில் இருப்பதை ஒப்பிப்பேன். உங்கள் இலக்கு என்ன? அதற்குத் தடையாக இருப்பது எது? இலக்காம் இலக்கு! அவளுக்கு ஜல்தியாகப் போய், தைக்காமல் விட்டு வந்த பீஸ்களைத் தைத்து முடிக்க வேண்டும், அதுதான் இலக்கு. பதினைந்து நிமிஷம் முடிவதற்குள் எனக்கே மூச்சு முட்டிவிடும்.

அப்போதுதான் கம்பெனி என்னை ஒரு வகுப்பில் சேர்த்தது. சனிக்கிழமை சனிக்கிழமை விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மாடி ஹாலில், பல ஊர்களிலிருந்து வந்த கோச்சுகள் எட்டு பேர் உட்காருவோம். சுவரில் ஒரு திரை. அதில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்திலிருந்து ஓர் அம்மா வருவார். அறுபது வயசு இருக்கும், சிரித்தால் தோள் ரெண்டும் குலுங்கும். அவர் இங்கிலீஷில் பேசப் பேச, பாண்டிச்சேரி டீச்சர் ஒருவர் எங்களுக்குத் தமிழில் சொல்லுவார். டர்பன் அம்மா சொல்லித் தந்ததற்கு உபுண்டு என்று பெயர். அவர்கள் நாட்டு மக்கள் காலகாலமாக வைத்திருக்கும் ஒரு ஞானமாம். தன்னந்தனியாக நின்று யாரும் மனுஷியாகிவிட முடியாது, சுற்றி இருக்கிறவர்கள்தான் அவளை மனுஷியாக்குகிறார்கள் என்பது அதன் சாரம்.

அவர்கள் ஊரில் வணக்கத்துக்குப் பதில் "உன்னைக் காண்கிறோம்" என்று சொல்வார்களாம். ஒற்றை ஆளாக நிற்கிறவரும் "காண்கிறோம்" என்றுதான் சொல்வாராம், ஏனென்றால் அவருடைய மொத்த சனமும் அவர் கூடவே வந்து நிற்கிறதாம். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "இருக்கிறேன்" என்று பதில் வருமாம். இதைக் கேட்டதும் எங்களுக்கு ஒரே சிரிப்பு. எங்கள் ஊரிலும் அதைத்தானே சொல்கிறோம், "ஏதோ இருக்கேன்" என்று. டர்பன் அம்மாவும் சிரித்தார். "அப்படியென்றால் நான் சொல்லித்தர ஒன்றுமே இல்லை. வேலையைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் அந்த ஆளைப் பாருங்கள், அவ்வளவுதான்" என்றார்.

திங்கட்கிழமை முதல் வேலையாக மேஜையைச் சுவரோரம் தள்ளினேன். ரெண்டு நாற்காலியையும் எதிரும் புதிருமாக இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். இலக்கு, தடை எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்தேன். "இன்னிக்கு டப்பால என்னா?" என்று ஆரம்பிப்பேன். கேப்பைக் களியா, நேற்றைய குழம்பா என்பதில் தொடங்கினால் மாமியார், மழை, பிள்ளையின் காய்ச்சல் என்று தானாகப் போகும். ஒரு மாதத்தில் பெண்கள் தங்கள் முறை எப்போது வரும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான் கால் தரையில் படாமல் நடந்தேன், உண்மையாகச் சொல்கிறேன்.

இந்த நேரத்தில்தான் எச்.ஆர். மேனேஜர் அந்த அக்காவை என்னிடம் அனுப்பினார். மரக்காணம் பக்கம் கடலோரக் குப்பத்திலிருந்து வருகிறவர். புருஷன் கடலுக்குப் போகிறவர். என்னைவிட நாலைந்து வயசு மூத்தவர், கம்பெனிக்கு வந்து ஆறு வருஷம். சாப்பாட்டு நேரத்தில் நெத்திலிக் கருவாடு வறுத்த டப்பாவை அவர் திறந்தால் பத்து கை நீளும். "அவங்க கை நடுங்குதுன்னு சூப்பர்வைசர் சொல்றாரு. ஆனா தினப்படி பீஸ் எண்ணிக்கை கரெக்டா வருது. என்னான்னு பாருங்க மேடம்" என்றார் மேனேஜர்.

மூன்று தடவை வந்தும் அக்கா ஒன்றும் சொல்லவில்லை. கடல், காற்று, மகளின் பிரசவம் எல்லாம் பேசினார், கையைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. நாலாவது தடவை, ஒரு வியாழக்கிழமை, நான் எதுவுமே கேட்கவில்லை. பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அக்கா தன் வலது கையை எடுத்து என் மடியில் வைத்தார்.

"கிள்ளு பாக்கலாம்" என்றார். மெதுவாகக் கிள்ளினேன். "நல்லா கிள்ளும்மா." நகம் பதியக் கிள்ளினேன். அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

"எட்டு மாசமா இப்டிதான். கட்டைவிரலு மரக்கட்டையாட்டம் கெடக்குது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரில காட்டனேன், மணிக்கட்டுல நரம்பு அமுங்கிப் போச்சாம். ஆபரேசன் பண்ணி ரெண்டு மாசம் சும்மா இருக்கணும்ங்கிறாங்க. ரெண்டு மாசம் லீவு கேட்டா வேலை இருக்குமா?"

"அப்ப எப்டிக்கா கணக்கு சரியா வருது?"

அக்கா கண்ணாடி வழியாகத் தன் மிஷினைப் பார்த்தார். அதற்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, ரெண்டு பேரும் தலை குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அவளுங்கதான். என் டிரேல இருந்து இவ அஞ்சு பீஸ் எடுத்துக்குவா, அவ அஞ்சு பீஸ் எடுத்துக்குவா. தச்சு என் டிரேலயே போட்ருவாளுங்க. நான் கேக்கல. அவளுங்களும் கேக்கல. ஒருநாள் நான் தடுமாறிக்கினு இருந்தேன், இவ கைய நீட்டி எடுத்துக்கினு போனா. அன்னில இருந்து நடக்குது. நாங்க இதப்பத்திப் பேசிக்கினது கூட கெடயாதும்மா."

ஒருத்தி டிரேயில் இன்னொருத்தி கை வைப்பது கம்பெனியில் பெரிய குற்றம். டிரேக்கு டிரே அவரவர் நம்பர் ஒட்டியிருக்கும். ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்குக் குற்றம் எங்கே தெரிந்தது? எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்காவும் அழுதார். ஹாலே பார்க்கிறது என்பதுகூட எங்களுக்கு உறைக்கவில்லை.

அவர் போனதும் ஃபாரத்தை எடுத்தேன். அதில் ஒரு கட்டம் உண்டு: "இவரிடம் நீங்கள் கண்ட வலிமை என்ன?" எல்லாருக்கும் "பொறுமை", "உழைப்பு" என்று ஒரு சொல்லில் முடிப்பேன். அன்றைக்குக் கட்டம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன். எட்டு மாதமாகப் பக்கத்தில் இருக்கும் இருவர் சொல்லாமல் கொள்ளாமல் இவருடைய பங்கையும் தைத்து இவரைத் தாங்கி வருகிறார்கள், உபுண்டு என்பதை இவர்கள் யாரிடமும் படிக்காமலே செய்கிறார்கள் என்று, அப்படியே எழுதினேன். அந்த ஃபாரம் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொன்னால் அது பச்சைப் பொய். பாராட்டு வரும் என்று நினைத்தேன். மாதம் ஒரு நல்ல அனுபவத்தை வகுப்பில் வாசிப்பார்கள், இந்த மாதம் என்னுடையதுதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

சனிக்கிழமை வகுப்பில் நானே எழுந்து சொன்னேன். டர்பன் அம்மா நெஞ்சில் கை வைத்துக் கேட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு அவர் ஒன்று கேட்டார்: "அவர் உன்னிடம் சொன்னார். நீ அவரிடம் என்ன சொன்னாய்?"

"நான் ஒண்ணுமே சொல்லல மேடம், கேட்டுக்கினு மட்டும்தான் இருந்தேன்" என்று பெருமையாகச் சொன்னேன். அதுதானே விதி.

டர்பன் அம்மா திரைக்கு நெருங்கி வந்தார். "அப்படியானால் நீ அவரைப் பார்த்திருக்கிறாய். அவர் பார்க்க நீ அங்கே இருந்தாயா?" என்று கேட்டார். பாண்டிச்சேரி டீச்சர் அதை ரெண்டு தடவை சொல்லியும் எனக்குப் புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. நேரமாகிவிட்டது, அடுத்த ஆள் எழுந்துவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் மேனேஜர் கூப்பிட்டார். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். குரல் உயர்த்தியதே இல்லை, என்னைவிடச் சின்னவர், வாய்க்கு வாய் மேடம் போடுவார்.

"எட்டு மாசமா சூப்பர்வைசரால கண்டுபுடிக்க முடியாதத நாலே சிட்டிங்ல கொண்டாந்துட்டீங்க. சூப்பர் மேடம்" என்றார்.

நான் எழுதிய ஃபாரம் அவர் கையில் இருந்தது.

பக்கத்து மிஷின்காரிகள் ரெண்டு பேரையும் அன்றைக்கே பிரித்துவிட்டார்கள். ஒருத்தி கட்டிங் பிரிவு, இன்னொருத்தி வேறு ஷிப்ட். அக்காவை மிஷினில் உட்காரவிடவில்லை, கேண்டீன் ஓரம் ஒரு பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். "பேக்கிங்ல போடலாமே சார்?" என்று கெஞ்சினேன். "அதுக்கும் கைதானே மேடம் வேணும்?" என்றார். பிறகு ஒரு தாளை நீட்டினார். சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விட்டுப் போகிறேன் என்று அச்சடித்த தாள்.

"அவங்களா எழுதிக் குடுத்துட்டா எல்லாருக்கும் நல்லது. இல்லன்னா விசாரணை வெக்கணும், அந்த ரெண்டு பொண்ணுங்க வேலையும் போயிரும். உங்ககிட்டதான் மனசு வுட்டுப் பேசுறாங்க. ஒரு சிட்டிங் போட்டு, நீங்களே எடுத்துச் சொல்லி வாங்கிக் குடுங்க."

மூன்று நாள் அந்தத் தாள் என் பையிலேயே இருந்தது. வேலையை விட்டெறிந்துவிட்டு வந்துவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் நினைப்பேன். கூட்டேரிப்பட்டில் இறங்கியதும் அந்த நினைப்பு போய்விடும். அங்கேதான் என் வீட்டுக்காரரின் டிபன் கடை. மேம்பாலம் வருவதற்கு முன்னால் நிற்கிற வண்டிக்கு இட்லி எடுத்து மாளாது. இப்போது வண்டியெல்லாம் தலைக்கு மேலே பறக்கிறது, அவர் கீழே ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறார். என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. சரி, மறுபடி மிஷினுக்கே போய்விடலாம் என்றால் எந்த லைனில் உட்காருவது? செய்தி ஹால் முழுக்கப் பரவிவிட்டது. சாப்பாட்டு மேஜையில் நான் உட்கார்ந்தால் பேச்சு நின்றுபோகும். ஒருத்தியும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகவே வரும், எனக்கு எழுந்து கதவைத் திறந்துகொண்டு குதித்துவிடலாமா என்றிருக்கும்.

அந்த மூன்று நாளும் இன்னொன்றும் என்னைப் பிடுங்கித் தின்றது. யாரிடமும் சொல்லாத ஒன்று. நான் மாசமாக இருந்த வருஷம், ஏழாம் மாதம், கால் ரெண்டும் வீங்கி மிஷின் பெடலை அழுத்த முடியாமல் போயிற்று. அப்போதும் என் டிரேயிலிருந்து பீஸ் காணாமல் போய், தைத்து முடித்துத் திரும்பி வரும். செய்தவர்கள் ரெண்டு பேரும் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார்கள். அந்த வருஷத்து எண்ணிக்கையைப் பார்த்துத்தான் என் பெயரை மேலே அனுப்பினார்கள். அதில்தான் இந்தக் கண்ணாடி ரூம், இந்த நீல நாடா எல்லாம். அக்கா கையை என் மடியில் வைத்தபோதே இது என் தொண்டை வரைக்கும் வந்தது. சொந்தக் கதை சொல்லக் கூடாது என்ற விதி எனக்கு வசதியாக இருந்தது, முழுங்கிவிட்டேன்.

நாலாம் நாள் அக்காவை அழைத்தேன். வலது கையைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வந்து, வழக்கம் போல என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அக்கா, நாந்தான் எழுதுனேன்."

"தெரியும்மா. வேற யாருகிட்ட நான் சொன்னேன்?"

தாளை எடுக்காமல் என் கதையைச் சொன்னேன். ஏழாம் மாதம், வீங்கின கால், திரும்பி வந்த பீஸ்கள், எல்லாம். அழுதுகொண்டேதான் சொன்னேன். இந்தத் தடவை அக்கா அழவில்லை. முழுசாகக் கேட்டார்.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். கோபமே இல்லாத குரல். "அன்னிக்கு இத என்கிட்ட சொல்லியிருந்தீன்னா, நீ எழுதியிருக்க மாட்டம்மா."

அக்கா கண்ணாடி வழியாகத் தன் பழைய மிஷினைப் பார்த்தார்.

"அந்த ரெண்டு பேருக்கு ஒண்ணும் ஆவாதில்ல?"

"ஆவாதுக்கா. வேலைய வுட்டுப் போறேன்னு நீங்க ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டா ஆவாதுன்னாங்க."

"அப்ப குடு."

பேனாவை விரல்களுக்கு நடுவில் வைக்க முடியாமல், முஷ்டியால் பிடித்துக்கொண்டு எழுதினார். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நிமிஷம் ஆனது. வெளியே ஹாலில் ஒரு மிஷின்கூட நிற்கவில்லை, ஆனால் எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. முடித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"கோணிக்கினு போச்சு. ஒத்துக்குவாங்களா?" என்று கேட்டார்.

ஒத்துக்கொள்வார்கள் என்று நான் தலையை ஆட்டினேன். அக்கா எழுந்து, பழக்கத்தில் நாற்காலியைச் சரியாகப் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அந்தத் தாளோடு நேரே மேனேஜரிடம் போனேன். வருவது வரட்டும் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். "என் எண்ணிக்கையும் பொய்தான் சார். எனக்கும் ரெண்டு பேர் தச்சுக் குடுத்தாங்க. அந்தக்காவ அனுப்பறதா இருந்தா என்னயும் அனுப்புங்க. இல்ல, ரெண்டு பேரயும் வெச்சுக்குங்க" என்றேன். இதைச் சொன்னால் இந்த ரூமும் போகும், வேலையும் போகும் என்று தெரிந்துதான் சொன்னேன். போனால் போகட்டும், ஒரு தடவையாவது நல்ல மூச்சு விடலாம் என்று நினைத்தேன்.

மேனேஜர் முழுக்கக் கேட்டார். அவர் கண்கூடக் கலங்கியது, பொய் சொல்லக் கூடாது. தாளை வாங்கி ஃபைலில் வைத்துவிட்டு, எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"அது பழைய விஷயம், அத யாரு மேடம் இப்ப நோண்டப் போறாங்க" என்றார். "ஆனா ரொம்ப டச்சிங்கா இருந்துச்சு. அடுத்த பேட்ச் பொண்ணுங்ககிட்ட இத மொதல்ல சொல்லிட்டு ஆரம்பிங்க. அப்புறம் பாருங்க, ஒண்ணு வுடாம கொட்டிடுவாங்க."

கிண்டல் செய்யவில்லை அவர். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

நான் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறேன். அடுத்த வாரமே புது பேட்ச் வந்தது. முதல் ஆளாக வந்தவள் கல்யாணமாகி ஆறு மாதம் ஆனவள், மஞ்சள் கயிறு இன்னும் புதுசாகவே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் வாயைத் திறக்கவே இல்லை. அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது போலிருக்கிறது. கண்ணாடிக்கு வெளியே ஒரு தடவை பார்த்துவிட்டு, என் பக்கம் குனிந்தாள்.

"மேடம், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். யாருகிட்டயும் சொன்னதில்ல."

"வேணாம்மா" என்றேன். "என்கிட்ட சொல்லாத."

அவள் முகம் சுண்டிப்போயிற்று. தான் என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் என்னையே பார்த்தாள். பாதியில் எழுந்து போக அவளுக்கும் அனுமதி இல்லை, அனுப்பிவைக்க எனக்கும் அனுமதி இல்லை. பெல் அடிக்க இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது, ரெண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.